கட்டியா, ரத்தக்குழாயா?

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, பெரிய ஏரியோடு இருக்கும் ஊர் தாமல். அந்தச் சாலையில் மேற்கே போனால் வேலூர். 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் நாட்டின் முதல் மூளை நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். கிழக்கே போனால் சென்னை. அடுத்த ஆண்டே டாக்டர் பி. ராமமூர்த்தி பெரியாஸ்பத்திரியில் அதே பணியைத் தொடங்கினார். இந்திய மூளை அறுவை சிகிச்சை பிறந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் இருக்கிற ஊர் என்று தாமலைச் சொல்லலாம். இங்கே ஒருவருக்குத் தலையில் கட்டி என்று தெரிந்தால், குடும்பம் இந்த இரண்டு திசைகளில் ஒன்றில்தான் பஸ் ஏறும். கையில் ஒரு ஸ்கேன் உறையும், உள்ளே ஒரு ரிப்போர்ட்டும் இருக்கும். அந்த ரிப்போர்ட்டில் 'பிட்யூட்டரி கட்டி' என்று இருந்தால், கத்தி எடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்குக் கட்டாயம் விடை தெரிந்திருக்க வேண்டும்: அதற்குள் ரத்தம் ஓடுகிறதா? மிக அரிதாக, கட்டி போலத் தெரிவது கட்டியே இல்லாமல், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் புடைப்பாக இருந்துவிடுகிறது. அரிது என்பதற்காக அந்தக் கேள்வியை யாரும் தள்ளிவிடக் கூடாது என்பதே என் வாதம்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இடநெருக்கடி. மூக்கின் மேல்பகுதிக்கு நேர் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்து எலும்பில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. பிட்யூட்டரி சுரப்பி அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. சுமார் 1 செ.மீ. அகலம், அரை கிராம் எடை, அவ்வளவுதான். ஆனால் தைராய்டு, அட்ரீனல், சினைப்பை, விதைப்பை எல்லாம் இதன் கட்டளைக்குத்தான் காத்திருக்கின்றன. உடல் வளர்ச்சிக்கும் தாய்ப்பால் சுரப்பதற்கும் ஹார்மோன் இங்கிருந்தே போகிறது. சுரப்பிக்கு நேர் மேலே இரு கண்களின் பார்வை நரம்புகளும் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் போகின்றன. வலமும் இடமும் கழுத்திலிருந்து ஏறி வரும் கரோட்டிட் தமனிகள் வளைந்து நெளிந்து மேலே செல்கின்றன. கண்ணை அசைக்கும் நரம்புகளும் முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் கிளைகளும் அந்தத் தமனியை ஒட்டியே ஓடுகின்றன. இரு தமனிகளுக்கும் இடையிலுள்ள தூரம் எல்லோருக்கும் ஒன்றல்ல. சிலருக்கு ஒன்றரை செ.மீ. இருக்கும், சிலருக்குச் சில மில்லிமீட்டர்தான். இந்த இடுக்கில் எது வீங்கினாலும் பக்கத்தில் இருப்பது நசுங்கும். நசுங்குகிற நரம்புக்குத் தன்னை அழுத்துவது சதையா ரத்தமா என்று தெரியாது.

தேய்ந்த சைக்கிள் டயரில் ஒரு பக்கம் டியூப் புடைத்துக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். தமனியின் சுவர் ஓரிடத்தில் பலவீனமாகும்போது அங்கே நடப்பதும் அதுதான். உள்ளே ஓடும் ரத்தத்தின் அழுத்தம் அந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளி ஒரு பை போல ஆக்கிவிடுகிறது. டாக்டர்கள் இதை அன்யூரிசம் என்பார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். புகையிலையும் கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தமும் இதை வளர்க்கின்றன. மூளைத் தமனிகளில் வரும் புடைப்புகளில் பெரும்பாலானவை பிட்யூட்டரியின் பள்ளத்தை எட்டுவதில்லை. எட்டுகிற சிலதான் சிக்கல். கரோட்டிட் தமனியிலிருந்து உட்பக்கமாகப் புடைத்து, எலும்புப் பள்ளத்துக்குள் நுழைந்து, சுரப்பியை ஓரங்கட்டிவிட்டு அதன் இடத்தையே பிடித்துக்கொள்பவை அவை.

நோயாளிக்கு எப்படித் தெரியும் என்று பாருங்கள். பட்டு நெய்கிற ஒருவர் தறியில் உட்கார்ந்திருக்கிறார். புடவையின் உடல் பகுதி நன்றாகத் தெரிகிறது. இரு ஓரத்துக் கரைகளும் மங்குகின்றன. நாடா கைக்கு வந்து சேரும் கடைசி நொடியில்தான் கண்ணில் படுகிறது. வெளியே நடந்தால் கதவு நிலையில் தோள் இடிக்கிறது, பக்கத்திலிருந்து வரும் வண்டி ஹாரன் அடித்த பிறகே தெரிகிறது. நேரே பார்க்கும் பார்வை சரியாக இருப்பதால் கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவார். இரு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை மட்டும் போவது, பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடம் கீழிருந்து அழுத்தப்படுவதன் அடையாளம். இதோடு ஓயாத களைப்பு, தலைவலி, பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது, பிள்ளை பெறாமலே மார்பில் பால் கசிவது, ஆண்களுக்கு ஆண்மைக்குறைவு ஆகியவையும் சேர்ந்தால் எந்த மருத்துவரும் முதலில் பிட்யூட்டரி கட்டியைத்தான் நினைப்பார். அப்படி நினைப்பதில் தவறே இல்லை. பிட்யூட்டரியில் வரும் சாதாரணக் கட்டிகள், பெரும்பாலும் புற்றுநோய் அல்லாதவை, மிகப் பரவலானவை. வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போது சுமார் 10 பேரில் ஒருவருக்கு அங்கே சிறிதாக ஏதாவது தென்படும் அளவுக்குப் பரவலானவை.

மருத்துவ உலகம் இந்தக் குழப்பத்தை நேற்றுத்தான் கண்டுகொண்டது என்று யாரும் எண்ண வேண்டாம். பார்வை நரம்புச் சந்திப்பை ஒரு தமனிப் புடைப்பே பிளந்து இரு பக்கப் பார்வையையும் கெடுத்ததை அமெரிக்க மருத்துவர் வியர் மிட்செல் 1889இலேயே எழுதிவிட்டார். பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜெஃப்ரி ஜெஃபர்சன் 1937இல் இதே பொருளை விரிவாக எடுத்துக்கொண்டார். பாஸ்டனைச் சேர்ந்த வைட்டும் பாலன்டைனும் 1961இல், பிட்யூட்டரி கட்டி போல வேஷம் போட்ட புடைப்புகளை மட்டும் திரட்டித் தனிக் கட்டுரையே எழுதினார்கள். இதில் மனதைத் தொடுகிற தற்செயல் ஒன்று உண்டு. போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் எகாஸ் மோனிஸ் 1927 ஜூனில், உயிருள்ள மனிதரின் மூளைத் தமனிகளை முதன்முதலாக எக்ஸ்ரேயில் தெளிவாகக் காட்டினார். இன்று உலகமெங்கும் எடுக்கப்படும் மூளை ஆஞ்சியோவின் தொடக்கம் அது. அந்தப் படத்துக்குரியவர் பிட்யூட்டரி கட்டியால் பார்வையை இழந்துகொண்டிருந்த ஓர் இளைஞர். கட்டியையும் தமனியையும் ஒரே படத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற தேவையிலேயே அந்தச் சோதனை பிறந்தது எனலாம்.

ரத்தப் பரிசோதனை இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். புரோலாக்டின் அளவு கூடியிருக்கிறது, ஆகவே அது புரோலாக்டின் சுரக்கும் கட்டிதான் என்ற முடிவு எளிதில் வந்துவிடுகிறது. இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். புரோலாக்டினை அளவுக்கு மீறிச் சுரக்காமல் பிடித்து வைத்திருப்பது டோபமைன் என்ற ரசாயனம். அது மூளையிலிருந்து ஒரு மெல்லிய காம்பின் வழியே சுரப்பிக்கு இறங்கி வருகிறது. எது அந்தக் காம்பை அழுத்தினாலும் டோபமைன் வரத்துக் குறையும், புரோலாக்டின் ஏறும். தமனிப் புடைப்பும் அப்படி ஏற்றிவிடும். பெண்களுக்கு மில்லிலிட்டருக்குச் சுமார் 25 நானோகிராமுக்குள் இருக்க வேண்டியது, காம்பு அழுத்தத்தால் ஏறும்போது பெரும்பாலும் 100க்குள் நின்றுவிடும். 1 செ.மீ.க்கு மேல் வளர்ந்த உண்மையான புரோலாக்டின் கட்டியில் அது வழக்கமாக 200ஐத் தாண்டும், ஆயிரக்கணக்கிலும் போகும். ஆகவே ஸ்கேனில் பெரியதாக ஒன்று தெரிந்து, ரத்தத்தில் புரோலாக்டின் 60 அல்லது 70 மட்டும் இருந்தால், அந்தப் பொருத்தமின்மையே ஒரு எச்சரிக்கை. அது வேறு வகைக் கட்டியாக இருக்கலாம், புடைப்பாகவும் இருக்கலாம். இன்னொரு பொறியும் இருக்கிறது. காபர்கோலின், புரோமோகிரிப்டின் மாத்திரைகள் டோபமைனின் வேலையைச் செய்பவை. புரோலாக்டின் எந்தக் காரணத்தால் ஏறியிருந்தாலும் அவை அதை இறக்கிவிடும். பால் கசிவது நின்று, மாதவிலக்கும் திரும்ப வந்து, மருந்து கேட்கிறது, எனவே கட்டிதான் என்று எல்லோரும் நிம்மதி அடையலாம். உள்ளே இருப்பதோ இம்மியும் சுருங்காமல் அப்படியே இருக்கும். மாத்திரைக்குப் பிறகு ரத்த அளவை மட்டும் பார்த்துவிட்டு மறு ஸ்கேனைத் தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஸ்கேன் படத்தில் அடையாளம் இருக்கிறது, பார்க்கத் தெரிந்தால். எம்.ஆர்.ஐ. படத்தில் வேகமாக ஓடும் ரத்தம் சமிக்ஞை எதையும் திருப்பித் தருவதில்லை, ஆகவே கருப்பாகத் தெரியும். சாம்பல் நிறத்தில் சுரப்பி இருக்க வேண்டிய இடத்தில், விளிம்பு சுத்தமாக வெட்டிய வட்டமான கரும்பொட்டு ஒன்று இருந்தால், அது பக்கத்துக் கரோட்டிட் தமனியின் கருமையோடு சேர்ந்தும் இருந்தால், அது ரத்தம் ஓடும் இடம். அதே உயரத்தில் படத்தின் குறுக்கே, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, மங்கலான நிழல்கள் வரிசையாகப் படிந்திருப்பதும் உண்டு. துடிக்கிற பொருள் ஒன்று படமெடுக்கும் நேரத்தில் அசைந்ததன் தடயம் அது. கட்டி அப்படித் துடிக்காது. புடைப்புக்குள் ரத்தம் பகுதியாக உறைந்திருந்தால் படம் சிக்கலாகிறது. பழைய உறைவு, புதிய உறைவு, ஓடும் ரத்தம் மூன்றும் அடுக்கடுக்காக வளையம் வளையமாகத் தெரியும். சி.டி. ஸ்கேனில் ஓரத்தில் சுண்ணாம்பு படிந்த வெள்ளைக் கோடு ஒரு துப்பு. பிட்யூட்டரி கட்டியில் அது அபூர்வம். இவை எல்லாம் இருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் ரத்தக்குழாய்களை மட்டும் பிரித்துக் காட்டும் எம்.ஆர். ஆஞ்சியோ இருக்கிறது. அதே மேசையில், அதே இயந்திரத்தில், ஊசி மருந்துகூட இல்லாமல், சில நிமிடங்கள் கூடுதலாகப் படுத்திருந்தால் போதும்.

இவ்வளவு அரிதான ஒன்றுக்காக ஒவ்வொருவரையும் சோதிக்க வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்காவின் மேயோ கிளினிக், பிட்யூட்டரி செயலிழந்த 4,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து, தமனிப் புடைப்பால் அப்படி ஆனவர்கள் 0.17 சதவீதம் என்று 2001இல் எழுதியது. அதாவது ஆயிரத்தில் இரண்டு பேர்கூட இல்லை. ஆனால் இங்கே எத்தனை பேர் என்பதை மட்டும் எண்ணினால் கணக்கு தவறும். தவறினால் என்ன ஆகும் என்பதையும் எண்ண வேண்டும். பிட்யூட்டரி கட்டியை இன்று பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் எடுக்கிறார்கள். 1907இல் ஆஸ்திரியாவில் ஹெர்மன் ஷ்லோஃபர் தொடங்கிய வழி அது. பின்னால் மான்ட்ரியாலில் ஜூல்ஸ் ஹார்டி அதை நுண்ணோக்கியின் கீழே நுட்பமாக்கினார். இன்று எண்டோஸ்கோப்பில் நடக்கிறது. மண்டையைத் திறக்க வேண்டாம், சில நாட்களில் வீட்டுக்குப் போகலாம். நோயாளிக்குக் கிடைத்த பெரிய வரம் அது. ஆனால் அந்தக் குறுகிய வழியில் போய்க் கட்டி என்று நம்பி ஒரு தமனிப் புடைப்பை வெட்டினால், இதயத்திலிருந்து முழு அழுத்தத்தோடு வரும் ரத்தம் பீறிடும். அடைத்து நிறுத்தக் கையை விரிக்கவும் இடமில்லை. மேசையிலேயே உயிர் போகலாம், தப்பினாலும் பக்கவாதம் வரலாம். கட்டியைப் புடைப்பு என்று தவறாக நினைத்தால் ஒரு பரிசோதனை வீணாகும். புடைப்பைக் கட்டி என்று தவறாக நினைத்தால் ஆள் போய்விடுவார். இரண்டு தவறுகளும் சம எடை கொண்டவை அல்ல. அதனால்தான் அபூர்வத்தைக் காட்டி இந்தச் சோதனையை மறுக்கும் வாதம் எனக்குச் செல்லுபடியாகத் தோன்றவில்லை.

இன்றைய அறுவை மருத்துவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா, ஸ்கேன் பார்க்காமலா கத்தி எடுப்பார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. தெரியும். சொல்லப்போனால் அவர்கள் இந்தப் பயத்தை அறுவை முறைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். சுரப்பியை மூடியிருக்கும் உறையைக் கிழிப்பதற்கு முன் மெல்லிய ஊசியைச் செலுத்தி உறிஞ்சிப் பார்ப்பது பழைய வழக்கம். ரத்தம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். சிறிய டாப்ளர் குழலை வைத்துத் தமனியின் ஓசையைக் கேட்பது இன்றைய வழக்கம். பெரிய மருத்துவமனையில் அனுபவசாலி படத்தைப் பார்த்தால் பெரும்பாலும் பிடித்துவிடுவார் என்பதும் உண்மை. ஆனால் எல்லா நோயாளிகளும் அங்கிருந்து தொடங்குவதில்லை. ஊசி மருந்து இல்லாமல் எடுத்த சாதாரண சி.டி. ஸ்கேன், அதில் வட்டமாகத் தெரிந்த ஒன்று, அவசரத்தில் எழுதிய ரிப்போர்ட் என்று ஆரம்பிப்பவர்களே அதிகம். முழுவதும் உறைந்துபோன புடைப்பு இன்னும் கடினம். அதில் ரத்த ஓட்டமே இல்லாததால் ஆஞ்சியோவிலும் தெரியாமல் போகலாம். அப்போது உறைவின் அடுக்குகளையும் சுண்ணாம்பு விளிம்பையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ஆகவே முதலில் படம் பார்ப்பவர் முதல் கடைசியில் ஊசி போடுபவர் வரை ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியைத் தாமே கேட்க வேண்டியிருக்கிறது. முன்னால் இருந்தவர் கேட்டிருப்பார் என்று விடக் கூடாது.

எல்லாவற்றிலும் வலுவான எதிர்வாதம் வேறொன்று. பொதுமக்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு மூளைத் தமனியில் எங்காவது ஒரு சிறு புடைப்பு இருக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் மிகப் பல ஆயுள் முழுவதும் வெடிப்பதில்லை. பிட்யூட்டரிக்காக ஆஞ்சியோ எடுத்தால், சம்பந்தமில்லாத இடத்தில் இருக்கும் சின்னப் புடைப்பும் தெரியவரும், அந்தக் குடும்பம் தூக்கத்தைத் தொலைக்கும். இது கற்பனைப் பயம் அல்ல. தலைக்குள் ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகு குனியவும் பாரம் தூக்கவும் அஞ்சி வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இருந்தும் என் கணிப்பில், கத்திக்குப் போகப்போகிறவருக்கு அந்தத் தகவல் தேவைதான். கட்டியும் புடைப்பும் ஒருவருக்கே சேர்ந்து இருப்பதும் உண்டு, அறுவை மருத்துவர் போகும் வழியிலேயே அது இருக்கலாம். மற்றவர்களுக்கு, அதாவது சில மில்லிமீட்டர் கட்டியை மாத்திரையில் வைத்திருப்பவர்களுக்கு, ஆஞ்சியோ கட்டாயம் என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய எம்.ஆர்.ஐ. படத்தை அந்தக் கண்ணோடு ஒருமுறை பார்த்தால் போதும். தெரியவந்த சிறு புடைப்பைக் கண்காணிப்பில் வைப்பதும், ரத்த அழுத்தத்தைக் குறைப்பதும், பீடியையும் புகையிலையையும் விடுவதும் எப்படி என்று பொறுமையாக உட்காரவைத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். பயத்தைக் குறைப்பது அந்தப் பேச்சுதான்.

நம் ஊரில் இந்தப் புடைப்பே குறைவு என்ற எண்ணமும் ஒரு காலத்தில் இருந்தது. இந்தியாவில் இது எவ்வளவு பேருக்கு வருகிறது என்று ராமமூர்த்தியே 1969இல் எழுதியிருக்கிறார். மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் அன்று எண்ணிக்கை குறைவாகத்தான் தெரிந்தது. ஆனால் புடைப்பு வெடித்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இறந்துவிடுகிறார்கள், அவர்களில் பலர் மருத்துவமனையையே எட்டுவதில்லை. 108 ஆம்புலன்சும் மாவட்டத்தில் ஸ்கேனும் இல்லாத நாளில், திடீர்த் தலைவலியால் விழுந்து இறந்தவரின் சாவுக்கு யார் காரணம் எழுதியிருப்பார்கள்? ஸ்கேன் பெருகிய பிறகு இங்கேயும் புடைப்புகள் தாராளமாகக் கண்டுபிடிக்கப்படுகின்றன. நம்மவர்களுக்கு வராது என்பது இனி ஒரு காரணமாக நிற்காது.

தாமல் போன்ற ஊரிலிருந்து பார்த்தால் செய்யக்கூடியவை சில தெளிவாகத் தெரிகின்றன. பார்வையின் ஓரங்களைச் சோதிக்க இயந்திரம் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் எதிரே உட்கார்ந்து, நோயாளியைத் தன் மூக்கைப் பார்க்கச் சொல்லி, ஒரு கண்ணை மூடவைத்து, விரலைப் பக்கவாட்டிலிருந்து உள்ளே கொண்டுவந்தால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். புடைப்பின் பக்கம் சந்தேகத்தைத் திருப்பும் அறிகுறிகளும் உண்டு: ஒரு கண்ணின் பார்வை மட்டும் முன்கூட்டிக் கெடுவது, ஒரு பக்க இமை இறங்குவது, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது, நெற்றியிலோ கன்னத்திலோ ஒரு பக்கம் வலி. சாதாரண பிட்யூட்டரி கட்டியில் இவை குறைவு. தலையில் அடிபட்டுச் சில வாரங்களில் மூக்கிலிருந்து கொட்டும் ரத்தமும் பார்வைக் கேடும் சேர்ந்து வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. பரிந்துரைச் சீட்டில் இந்த அறிகுறிகளை எழுதி அனுப்பினால் ஸ்கேன் எடுப்பவர் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்வார். அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் ஸ்கேன் மையங்கள் இருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் மூளை அறுவை சிகிச்சைகளும் உண்டு. குடும்பத்தார் வேலூருக்கோ சென்னைக்கோ கிளம்பும்போது, தட்டச்சு செய்த ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப்போகாமல், ஸ்கேன் மையத்தில் கேட்டு முழுப் படங்களும் உள்ள சி.டி. தட்டையும் வாங்கிப்போக வேண்டும். ரிப்போர்ட்டில் இருப்பது ஒருவரின் கருத்து. அந்தத் தட்டில் இருப்பதை இன்னொருவர் புதிதாகப் பார்க்க முடியும்.

புடைப்பு என்று சரியாகத் தெரிந்துவிட்டால் நம்பிக்கையோடு சொல்ல நிறைய இருக்கிறது. தொடையிலோ மணிக்கட்டிலோ தமனி வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, புடைப்புக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்பி அடைக்கும் முறையை இத்தாலிய மருத்துவர் குயிடோ குக்லியெல்மி 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்தார். பெரிய புடைப்புகளுக்கு இப்போது நெருக்கமாகப் பின்னிய வலைக்குழாயைத் தமனிக்குள் பொருத்தி, ரத்தத்தைப் புடைப்புக்குள் போகவிடாமல் நேரே திருப்பிவிடுகிறார்கள். சில மாதங்களில் புடைப்பு தானே உறைந்து சுருங்க, பார்வை நரம்பின் மேலுள்ள அழுத்தமும் தளரும். அந்த வலைக்குழாய் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளை மருத்துவர் சொல்லும் வரை ஒரு வேளையும் விடக் கூடாது. பல் பிடுங்கப் போன இடத்தில் யாராவது நிறுத்தச் சொன்னாலும் முதலில் அந்த மருத்துவரைக் கேட்க வேண்டும். நீண்ட காலம் நசுங்கிக் கிடந்த சுரப்பி சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. அவர்கள் ஸ்டீராய்டும் தைராய்டும் மாத்திரையாக ஆயுள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். காய்ச்சல், வாந்தி, விபத்து வரும் நாட்களில் அந்த ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டும், வாந்தி நிற்காவிட்டால் ஊசியாகவே போட வேண்டும். இல்லையென்றால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது இதைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, அதன் ஒரு பிரதியை ஊர்ச் செவிலியர் கையிலும் சேர்த்துவிட வேண்டும்.